ஆவணி கடைசி ஞாயிறு, கோழி நூடுல்ஸ்

ஆவணி 26, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது, மழையைத்தான் காணோம். மொட்டைமாடியில் போட்ட துணி சாயங்காலம் வரை ஈரம்.

கா. 11க்கு அடையாறு, பல் டாக்டர். வடிவுக்குப் பல் எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். மேலே, கீழே, ஒன்று பாக்கியில்லை. வீக்கம் வடிந்துவிட்டது, வலியும் இல்லை. பல்செட் வர இன்னும் ஆறேழு வாரம். எடைதான் நாலு கிலோ இறங்கியிருக்கிறது. "கஞ்சியே குடிச்சா எப்படிம்மா? முட்டை, மீன், சிக்கன், எதை வேணா மசிச்சு சாப்பிடுங்க" என்றார் டாக்டர். வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த முந்தானைதான் எனக்கு எதிரி. பன்னிரண்டு நாளாகக் கட்டின புருஷன் முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். எனக்குப் பரிமாறிவிட்டு, நான் கை கழுவிப் போன பிறகு, அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சி. நடுவில் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுகிறாள். இரண்டு நாளாக அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்கவும் போவதில்லை நான்.

முப்பத்து நாலு வருஷம் தி.நகர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவன். பகல் சாப்பாடு கடை மாடியில். ராத்திரி வீடு வந்தால் அவள் பாதித் தூக்கம். ரிடையர் ஆன இந்த மூன்று வருஷமாகத்தான் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சாப்பிடும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும். கீழ் வீட்டுக்காரி, சீரியல் மாமியார், என் சட்டையில் இல்லாத பொத்தான். இப்போது நானும் தட்டும் மட்டும். சோறு இறங்கவில்லை, நிஜமாகவே.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு நல்ல சகுனம். பக்கத்து சீட்டுப் பெண் போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தது. வெள்ளையாக, குழைவாக, நடுவில் கோழித் துண்டுகளும் நூடுல்ஸும். வடிவு எட்டி எட்டிப் பார்த்தாள். இறங்க வேண்டிய மந்தைவெளியை விட்டு ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினோம், இருவருமே கவனிக்கவில்லை. அவள் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன்.

முடிவு: அதை நான் செய்யப் போகிறேன். அவள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஆவணி 27, வெள்ளி

வெயில். மோட்டார் ரிப்பேர், கா. 9 வரை தண்ணீர் இல்லை.

மாடிக்குப் போய் கோ.வுக்கு போன். கோமதி, என் பெண், பெங்களூரில் வேலை. விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, நீ இதுவரைக்கும் கேஸ் அடுப்பு பத்த வெச்சிருக்கியா?"

"லைட்டர் இருக்குல்ல."

"சரி. இருபது நிமிஷ வேலைதான். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டது:

எலும்பில்லாத கோழி அரை கிலோ
நூடுல்ஸ் பெரிய பாக்கெட் 1 (மசாலா சேர்க்காதது)
வெண்ணெய்
மைதா 2 ஸ்பூன்
பால் அரை லிட்டர்
ஃப்ரெஷ் க்ரீம், சின்ன டப்பா
வெங்காயம் 1
மிளகுத்தூள், உப்பு
பூண்டு 6 பல்

கடைசி வரியை எழுதும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பூண்டுக்குக்கூடப் பல் இருக்கிறது.

கோ. சொன்ன முறை: கோழியை வேக வைத்து உதிர்க்க வேண்டும். வெண்ணெயில் வெங்காயம், பூண்டு, பிறகு மைதா. பாலை ஊற்றிக் கிண்ட வேண்டும், கெட்டியானதும் க்ரீம், மிளகு. வேக வைத்த நூடுல்ஸைக் கொட்டிப் புரட்டினால் முடிந்தது. "அம்மாவுக்கு நூடுல்ஸை உடைச்சுப் போடு, நீளமா போடாதே."

போனை வைத்துவிட்டு காலண்டரைப் பார்த்தால் தலை சுற்றியது. இன்று வெள்ளி, கூடாது. நாளை சனி, கூடாது. செவ்வாயும் கூடாது. புதன் புரட்டாசி பிறக்கிறது. அப்புறம் ஒரு மாதம் இந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. பல் போனாலும் வடிவு விரதத்தை விடுகிற ஆள் இல்லை. கையில் இருப்பது ஞாயிறும் திங்களும்தான். தவறினால் இன்னும் ஒரு மாதம் சுவரைப் பார்த்துக் கஞ்சி குடிப்பாள்.

ஞாயிறு என்று வைத்துக்கொள்கிறேன். திங்கள் கைவசம் இருக்கட்டும்.

ஆவணி 28, சனி

மா. 3. வடிவு படுத்திருக்கிறாள். கோழி இல்லாமல் ஒத்திகை. விரதத்துக்குப் பங்கமில்லை, பாலும் மைதாவும்தானே.

வெண்ணெய் உருகியது, நல்ல வாசனை. மைதாவைக் கொட்டினேன், அதுவும் சரி. கொதிக்கக் கொதிக்கப் பாலை ஒரே மூச்சில் ஊற்றினேன். அவ்வளவுதான். கட்டி கட்டியாக, இலந்தைப்பழம் அளவு. கரண்டியால் அடித்தேன், ஒன்று இரண்டாகப் பெருகியது. இதற்குள் அடி பிடித்துவிட்டது. சின்ன அலுமினியப் பாத்திரம், காகிதம் மாதிரி.

கோ.வுக்கு போன் போட்டு ரகசியக் குரலில் கேட்டேன். "அடி கனமான பாத்திரம் எடுக்கணும்பா! எதுல பண்ணின?" என்று கத்தினாள். அந்தக் கத்தலிலேயே வடிவு எழுந்து வந்துவிட்டாள்.

வாசல் நிலையில் நின்று, முந்தானைக்கு மேல் இரண்டு கண் மட்டும். அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் மூக்கில் இருந்த மைதாவையும் பார்த்தாள். ஒரு நிமிஷம் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. துணிக்குள்ளிருந்து, "பாலு ஆறியிருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் முழுசாக ஐந்து வார்த்தை பேசினாள், எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பசையை நானே சாப்பிட்டேன். கடையில் தள்ளுபடி நோட்டீஸ் ஒட்ட உதவியிருக்கும்.

மறுபடி, அவள் சொன்னபடி, ஆறின பால். கட்டியே இல்லை! தனியாக நின்று சிரித்தேன்.

ஆவணி 29, ஞாயிறு

விடியற்காலை ஒரு நல்ல மழை. தெருவெல்லாம் சேறு. 6.30க்கே கறிக்கடை.

புரட்டாசிக்கு முந்தின ஞாயிறு என்றால் என்னவென்று இன்றுதான் கண்ணால் கண்டேன். வரிசை பால் பூத் தாண்டி, அயர்ன் வண்டி தாண்டி நிற்கிறது. குடையும் கூடையுமாக மயிலாப்பூரே வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு ஆட்டோக்காரர், "பாய், அடுத்த மாசம் ஈ ஓட்டப் போற, இன்னிக்கு கொஞ்சம் கொழுப்பில்லாத பீசா போடு" என்றார். பாய் நிமிராமலே, "நைனா, ஈ ஓட்டவும் கத்தி வேணும், கைய எடு" என்றார்.

என் முறை வந்தபோது மணி 8.

"இன்னா சார், நீங்க வந்துகீறீங்க? அம்மா வரல?"

"எலும்பில்லாதது அரை கிலோ."

"போன்லெஸ் காலி சார். அப்பவே பூட்ச்சி. லெக் பீஸ் கீது, தரட்டா?"

எலும்போடு வாங்கிப் போய் நான் என்ன செய்வேன்? வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அம்மாவுக்குப் பல் எல்லாம் எடுத்தாச்சு பாய். பதினஞ்சு நாளா கஞ்சி. நான்தான் இன்னைக்கு சமைக்கிறேன்."

வரிசை மொத்தமும் பேச ஆரம்பித்தது. ஒரு அம்மா மிளகைக் குறைக்கச் சொன்னார், ஆறின புண் எரியுமாம். ஆட்டோக்காரர் தன் மாமியாருக்கு ஆட்டுக்கால் சூப்புதான் கொடுத்தாராம். பாய் ஒரு முழு நெஞ்சுக்கறியை எடுத்து எலும்பை உருவி, கத்தியால் தட்டித் தட்டிப் பொடியாகக் கொத்தினார். "கைமா பண்ட்டேன் சார். மெல்லவே வேணாம், வாய்ல வெச்சா கரஞ்சிடும். அம்மாவ நா விசாரிச்சதா சொல்லு."

சொல்ல மாட்டேன். மந்தைவெளி முழுக்கத் தன் பல் கதை தெரியும் என்று தெரிந்தால் வடிவு என்னைக் கைமா பண்ணிவிடுவாள்.

மா. 6. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

6.10 கைமா வேகிறது.
6.25 நூடுல்ஸ், சேலைக்கு முந்தி அளக்கிற கவனத்தோடு விரல் நீளத்துக்கு உடைத்தேன். பாதி தரையில், மீதி கொதிக்கிற தண்ணீரில்.
6.40 அடி கனமான பாத்திரம் தேடல். மேல் தட்டில் ஒரு வெண்கலப் பானை. அகல வாய், நல்ல கனம், தங்கம் மாதிரி பளபளப்பு. இத்தனை நாள் எங்கே இருந்தது?
6.45 வெண்ணெய், வெங்காயம், பூண்டு.
6.50 மைதா, ஆறின பால், கொஞ்சம் கொஞ்சமாக. கட்டி இல்லை, அடி பிடிக்கவில்லை!
7.05 கோழி, க்ரீம், அரை ஸ்பூன் மிளகு.
7.10 நூடுல்ஸ் உள்ளே.

இருபது நிமிஷ வேலை, எழுபது நிமிஷம். பரவாயில்லை. அந்த வாசனை இருக்கிறதே, எழுத வரவில்லை. நானே பானையோடு உட்கார்ந்துவிடுவேன் போலிருந்தது.

கதவைத் திறந்தேன். வடிவு வாசலிலேயே நிற்கிறாள், மூக்கு முன்னால், ஆள் பின்னால். உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள். முந்தானை பிடித்திருந்த கை அப்படியே விழுந்தது.

"ஏங்க! பெருமாள் பானையிலயா கோழியப் போட்டிய!"

புரட்டாசி சனிக்கிழமைக்குப் பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிற பானையாம். வருஷத்துக்கு நாலே நாள் பரணிலிருந்து இறங்குவது. அவளே வெள்ளிக்கிழமை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் காய வைத்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? முப்பத்து நாலு புரட்டாசி நான் கடையில். பொங்கல் டப்பாவில் வரும், ரிடையர் ஆன பிறகு தட்டில் வரும், தின்பேன். எந்தப் பானையில் வெந்தது என்று டப்பா சொல்லுமா?

"கோழிக்குன்னு கறுப்புச் சட்டி கீழ இருக்குல்லா? கண்ணு அவிஞ்சா போச்சு? புளி போட்டுத் தேச்சு, கையெல்லாம் எரிஞ்சு..." வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. பாதி வார்த்தை, பாதி காற்று. பன்னிரண்டு, இல்லை, பதினைந்து நாளைக்குச் சேர்த்து வைத்த ஏச்சு எல்லாம் வரிசையாக வருகிறது. நான் கரண்டியோடு நிற்கிறேன். பயம் பாதி, சந்தோஷம் பாதி. பழக்கதோஷத்தில் கடையில் பேசுகிற வாய் திறந்துகொண்டது.

"நல்ல சரக்கா தெரிஞ்சுது, எடுத்துப் போட்டேன்மா."

ஒரு விநாடி முறைத்தாள். பிறகு சிரித்தாள். பொத்தாமல், மறைக்காமல், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ரோஜா நிற ஈறெல்லாம் தெரிய. நானும் சேர்ந்துகொண்டேன். கீழ் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.

"நீ ரொம்ப அழகா இருக்க" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாம் தடவை.

"பொய்யி" என்றாள். ஆனால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உட்கார்ந்தாள், என் எதிரில். சூடு ஆற இரண்டு பேரும் தட்டில் ஊதினோம். அவள் ஊதுவது நாலா பக்கமும் போகிறது, அதற்கும் சிரிப்பு. முதல் வாய். கண்ணை மூடினாள்.

"உப்பு கம்மி."

அடுத்த வாய், அதற்கடுத்த வாய். தட்டை நீட்டினாள். மூன்று தடவை நீட்டினாள். நடுவில் கீழ் வீட்டுக்காரி மோட்டார் காசு தராதது, சீரியல் மாமியாருக்கு வந்த வியாதி, என் சட்டைப் பொத்தான்.

"பெருமாளுக்கு என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"அவருக்கு வேற பானை வாங்குவோம். அவருக்கு நாலு சனிக்கிழமைதான. உங்களுக்கு இதே இருக்கட்டும்."

ஆவணி 30, திங்கள்

மழை இல்லை. காற்று நன்றாக இருக்கிறது. கா. 10க்கு மயிலாப்பூர் பாத்திரக்கடை. வடிவும் வந்தாள். கடைக்காரர் முன்னால் பானையைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்து, "இது ஓட்டை மாதிரி கேக்கு, வேற எடுங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். முந்தானை நினைவே வரவில்லை அவளுக்கு. எனக்கு வந்தது, நான் சொல்லவில்லை.

நாளை செவ்வாய், மறுநாள் புரட்டாசி. மதியமே ஆரம்பித்துவிட்டாள். "இன்னைக்குக் கடைசி நாள்லா. அதையே செய்ங்க." பாய் கடையில் கூட்டமே இல்லை. கைமா கேட்காமலே கொத்தினார். இன்று ஐம்பது நிமிஷம். உப்பும் சரி.

சாப்பிடும்போது கோ. வீடியோவில் கூப்பிட்டாள். இந்தப் பதினைந்து நாளும் வீடியோவில் என் முகம் மட்டும்தான் போகும், வடிவு அடுத்த அறையிலிருந்து ம், ம் என்பாள். நான் போனை என் பக்கம் திருப்புவதற்குள் இடது கையால் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, பாரு. உங்கப்பா செஞ்சது." தட்டைக் காட்டினாள், பானையைக் காட்டினாள், வாய் நிறைய நூடுல்ஸோடு சிரித்துக் காட்டினாள்.

அந்தப் பக்கம் கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு எதுக்குட்டி அழுத? இரு, ஆறிப் போயிரும். தின்னுட்டுப் பேசுதேன்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, மறுபடியும் தட்டை நீட்டினாள்.