ஜன்னலருகே நின்றது போதும்

அப்பா,

இப்போதுதான் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக் குடியுங்கள். மூன்று மணிக்கு உங்கள் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் வருவார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன், கதவைத் திறக்க ஓடாதீர்கள்.

நேற்று நான் கத்தியது தப்பு. "ராத்திரி பூரா முழிச்சிருந்தா கால்ல எப்படிப்பா தெம்பு இருக்கும்? தூக்கம் இல்லேன்னா உடம்பு தளர்ந்துடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே!" என்றேன். நீங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டீர்கள்.

இன்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. "நீ ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் உங்கப்பா ஜன்னல்கிட்டயேதான் நிக்கிறாரு. உன் வண்டி சத்தம் கேட்டதும் போய்ப் படுத்துக்கிறாரு."

போன மாதம் நீங்கள் விழுந்ததுகூட அப்படி அவசரமாகப் படுக்கப் போனபோதுதானே? தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்று என்னிடம் சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

பேக்கரியில் பேசிவிட்டேன். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். நாளை முதல் எனக்குப் பகல் ஷிப்ட். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன்.

மதியம் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டாம். அலாரம் வைத்திருக்கிறேன், அணைத்துவிட்டு மறுபடி படுக்காதீர்கள்.

குளியலறை விளக்கு எரியட்டும்.

இன்று ஒரு நாள் மட்டும் வழக்கம்போல் நான் வர நேரமாகும். பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டால் படுத்தபடியே இருங்கள். வந்ததும் உங்கள் அறைக்குத்தான் முதலில் வருவேன். கண்ணை மூடிக்கொண்டு நடிக்க வேண்டாம், திட்ட மாட்டேன்.