மூணு விரல் அகலம்

யேசுவுக்குத் தோத்திரம்.

என் தங்கம் ஜெசீகாவுக்கு, ஸ்பிரிங்வெளியிலருந்து ஒன் பெரியம்மா பவுலினா எழுதிக்கிறது. நானும் ஒன் பெரியப்பாவும் ஆண்டவர் புண்ணியத்துல நடமாடிக்கிட்டு இருக்கோம். நீ சொகமான்னு வழக்கம்போல எழுத இந்தத் தடவ கை வரல. அதக் கடைசியில கேக்குறேன்.

வாராவாரம் ஞாயித்துக்கெழம போன்ல பேசுறப்ப எதுக்குக் கடுதாசின்னு நெனப்ப. பல் டொக்டர் என்னய வாயக் கொறைக்கச் சொல்லிட்டா. அதக் கேட்டு ஒன் பெரியப்பா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தாரு. வேண்டுதலான்னு கேட்டா, இல்ல, நன்றிக்குங்கிறாரு! இன்னொரு காரணமும் இருக்கு. நீ வேல செய்யிற அந்த வெளிநாட்டு வீட்டு டிரைவருக்குத் தமிழ் தெரியுமாம், அந்தாளப் பக்கத்துல நிறுத்தி வச்சுத்தான் மேடம் ஒன்னப் பேச விடுறாளாம். அங்க ஒனக்குப் பக்கத்து வீட்டுல வேல செய்யிற மடுல்சீமை ஜீவராணி லீவுல வந்தப்ப சொன்னா. அவதான் இதக் கொண்டாறா. நீ குப்ப கொட்ட எறங்குறப்ப கையில குடுக்குறேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கா. படிச்சிட்டுக் கிழிச்சிரு.

என் வலியக் கேளு. விபூதிப் புதன் கழிச்சு வந்துச்சு. எடது கன்னம், காதோரம், நெத்திப்பொட்டு வரைக்கும். தவக்காலத்துல வந்த வலி, ஆண்டவர் குடுத்த சிலுவைன்னு ஒரு பனடோல்கூடப் போடாம ஒப்புக்குடுத்தேன். ஈஸ்டர் வந்துச்சு, ஆண்டவரே எந்திரிச்சிட்டாரு, என் வலி போகல. சரி பல்லுதான்னு டவுன்ல ஒரு எடத்துல போயி, புடுங்குங்க புடுங்குங்கன்னு கால்ல விழாத கொறையா நின்னு கடவாப் பல்லப் புடுங்கிக்கிட்டேன். பல்லு போச்சு, வலி அங்கயே குந்தியிருக்கு.

அப்புறந்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நப்லான்னு ஒரு சின்னப் புள்ள டொக்டர். பக்கத்துப் பல்லையும் புடுங்குங்கன்னேன். ஒவ்வொரு பல்லாத் தட்டிப் பாத்தா, குளுந்தது வச்சுப் பாத்தா, படம் புடிச்சா. அம்மா, ஒங்க பல்லு தப்பு பண்ணல, தாடையில இருக்கிற வலியப் பல்லு மேல போடுறீங்கன்னா. கன்னத்த அமுக்குனா பாரு, ஐயோ மாதாவேன்னு கத்திட்டேன். மூணு வெரல நிமித்தி வாயில வைக்கச் சொன்னா. ரெண்டுதான் போச்சு. பல்லெல்லாம் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சிருக்காம். ஒன் பெரியப்பா ஒடனே, ஆமா டொக்டர், தூக்கத்துல பாக்கு வெட்டுறாங்கறாரு.

எப்பெப்ப வலிக்குதுன்னு கலண்டர்ல குறிக்கச் சொன்னா. நான் கோயில் கலண்டர்ல சின்னச் சின்னச் சிலுவையாப் போட்டு, ஒரு மாசங்கழிச்சு கொண்டுபோனேன். ஜெப நாளான்னு கேட்டா. இல்லம்மா, வலி நாளுன்னேன். பாத்தா எல்லாச் சிலுவையும் ஞாயித்துக்கெழமையும் திங்கக்கெழமையுமா விழுந்திருக்கு. ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவீங்கன்னா. பூசைக்குப் போவேன்னேன். சாமியார் பிரசங்கம் அவ்வளவு கஷ்டமான்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். சாயங்காலம் எம் புள்ள ஜெசீகா பேசுவான்னு சொல்ல வந்தேன், சொல்ல வரல. அழுதுட்டேன்டி.

அதுக்கு முன்னாடி, மொதத் தடவையே, அவ இன்னொண்ணு கேட்டிருந்தா. மொகத்துல யாராச்சும் அடிச்சாங்களாம்மான்னு. வாய் தெறக்க முடியாம வாறவங்க எல்லாருகிட்டயும் கேப்பாங்களாம். பக்கத்துல நின்ன ஒன் பெரியப்பாவ வெளிய அனுப்பிட்டுக் கேட்டா. அந்த மனுசன் கால்ல கடிக்கிற அட்டையக்கூட உப்புப் போட்டுத் தடவித்தான் எடுப்பாருன்னு சொல்லிச் சிரிச்சேன்.

இப்ப சிரிப்பு வரல. விபூதிப் புதன் கழிஞ்ச மொத ஞாயிறு அன்னைக்கு நீ பேசுனது நெனவிருக்கா? வாய் தெறக்காமப் பேசுன. வார்த்த பல்லுக்குள்ளயே சுத்துச்சு. கேட்டதுக்குப் பல்லு வலி பெரியம்மான்ன. நான் பாவி, கராம்பு வையின்னு சொல்லிட்டுப் போன வச்சேன். அதுலருந்து ஒவ்வொரு வாரமும் நல்லாருக்கேன், சாப்டேன், மேடம் நல்லவங்க, இதே மூணுதான். பெரியப்பாவ ஒரு கிண்டல் இல்ல. தோட்டத்துல காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல யாரு யாரோட சண்டன்னு கேக்குறதில்ல. அது எம் புள்ள பேச்சு இல்லன்னு என் தாடைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் லேட்டு.

அதனால டொக்டர் என்கிட்ட கேட்டத நான் ஒன்கிட்ட கேக்குறேன். குளுந்த தண்ணி பட்டா வலிக்குதா? அப்பன்னா பல்லு. கன்னத்த அமுக்குனா வலிக்குதா? மூணு வெரல் வாயில போகுதா? போகலன்னா, தங்கம், யாராச்சும் ஒன்ன அடிச்சாங்களா?

பதில் எழுத வேணாம். வாற ஞாயித்துக்கெழம போன்ல, ஆமான்னா, செவலக் கோழி முட்ட போடுதான்னு மட்டும் கேளு. அத டிசம்பர்ல நத்தார் பண்டிகைக்கே கொழம்பு வச்சிட்டோம்னு ஒனக்குத் தெரியும், அதனால நீ தப்பித்தவறிக்கூடக் கேக்கமாட்ட. நீ கேட்டா, போடுது கண்ணுன்னு சொல்லுவேன். மறுநாள் காலையில மொத பஸ்ஸுல நானும் பெரியப்பாவும் சாமியாரோட போயி வெளிநாட்டு வேலவாய்ப்பு ஆபீஸ்ல முறைப்பாடு எழுதிக் குடுத்துருவோம். சாமியாருகிட்ட சொல்லிட்டேன். ஒன்னக் கூட்டிட்டு வாற வரைக்கும் விடமாட்டோம்.

பெரியம்மா வருத்தப்படுவான்னு மறைக்காத. நீ காசு அனுப்பாம கூரத் தகரம் ஒழுகினா அடியில சட்டி வச்சுக்குவோம். அதுக்காக நீ ஒரு நாளும் அங்க நிக்க வேணாம்.

டொக்டர் சொல்லிக்குடுத்தத ஒனக்கும் சொல்றேன். ஒதடு சேந்திருக்கட்டும், பல்லு சேரக்கூடாது. சுடுதண்ணியில துணி நனைச்சுக் கன்னத்துல வையி. அங்க வச்சுவிட ஆளில்ல, மாதா கை அதுன்னு நெனச்சுக்க.

ஞாயித்துக்கெழம போன மடியில வச்சுக்கிட்டு, பல்லக் கடிக்காம ஒக்காந்திருப்பேன். கோழியக் கேளும்மா.

ஒன்ன ஆண்டவர் கையில குடுத்துட்டு, திருப்பித் தாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கிற
ஒன் பெரியம்மா
பவுலினா