ஊர் எது என்று கேட்டார்கள், அப்பா

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியைக்கூட ‘தங்கம்’ என்று கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

ஒரு செய்தி சொல்ல வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள். நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிற உங்கள் மகள், சனிக்கிழமைகளில் வட்டவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, அட்டனுக்குப் போய் உலகச் சட்டம் படிக்கிறாள். மனிதராய்ப் பிறந்தவருக்கு என்னென்ன உரிமை, அதை யார் காக்க வேண்டும், காக்காவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பது என்பதுதான் பாடம். வயிறு எரியட்டும் என்றே யாரோ எழுதிவைத்த பாடம்.

தொழிற்சங்கத்து மாடியில் வகுப்பு. கொழும்பில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவர் வந்து நடத்துகிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர்தான். முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயரும் ஊரும் கேட்க ஆரம்பித்தார். முன்வரிசையில் முதல் ஆள் நான்.

“செல்லம்மாங்க. ஊரு துறையூருங்க.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓ, இந்தியாவோ? எப்ப இஞ்சை வந்தனீர், பிள்ளை?”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. “நான் எங்கருந்தும் வரலைங்க. இங்கதான் பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதான் பொறந்தாரு.”

“பிறகு ஏன் துறையூர் எண்டு சொன்னீர்?”

கேட்கமாட்டாரா பின்னே? வகுப்பில் இருந்த தோட்டத்து ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. என்னை முதலில் கேட்டார், நான் மாட்டிக்கொண்டேன். அவர்களைக் கேட்டிருந்தால் முசிறி என்றும் மணப்பாறை என்றும் சொல்லியிருப்பார்கள்.

நமக்கு அந்தச் சொல் அப்படித்தானே பழகியிருக்கிறது? இருக்கிற இடத்துக்குப் பெயர் தோட்டம். ஊர் என்றால் நம் ஆட்கள் கப்பலேறுவதற்கு முன்னால் விட்டுவந்த இடம். நீங்களும் பார்க்காத, நானும் பார்க்காத இடம். பெண் கேட்டு வருகிறவர்கள் வம்சம் தெரிந்துகொள்ள “எந்த ஊரு?” என்பார்கள். “எந்தத் தோட்டம்?” என்பது வேறு கேள்வி. இந்த வித்தியாசம் நம் லயத்து வீடுகளில் தவழுகிற பிள்ளைக்குத் தெரியும். அரசாங்கக் கந்தோரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கந்தோரை மறக்க முடியுமா? பிரஜாவுரிமை விசாரணைக்கு நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்துத் துரை கொடுத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் முன்னால் நின்றீர்கள். பின்னால் அம்மாவும் பள்ளிக்கூடச் சட்டையில் நானும். அதிகாரி இங்கிலீஷில் கேட்டார்; பக்கத்தில் இருந்தவர் தமிழாக்கினார்.

“உம்மட சொந்த ஊர் எது?”

உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பெரிய மனுஷர் ஒருவர் மதித்து ஊர் கேட்கிறார் என்று நினைத்துவிட்டீர்கள்.

“துறையூர்ப் பக்கமுங்க, ஐயா.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“எங்க கொலசாமி இருக்குதுங்க.”

“போக விருப்பமோ?”

“விருப்பம் இல்லாமலாங்க? ஒருக்கா போயி, பொங்க வச்சிட்டு வரணும்னு ஆசதான்.”

எனக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் தமிழாக்கியவர் அதிகாரியிடம் சொன்னது காதில் விழுந்தது. இந்தியா, போக விரும்புகிறான். அவ்வளவுதான். பொங்கலும் அதில் இல்லை, ‘வரணும்’ என்பதும் இல்லை. சாவு வீட்டு வாசலைத் தவிர வேறெங்கும் ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லாமல் படியிறங்காத சனம் நாம். அந்த ஒரு ‘வாறேன்’ அவர் வாயில் வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவரும் தமிழர்தானே அப்பா?

மறுத்துவிட்டார்கள். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குகிற எண்ணம் உங்களுக்கு இல்லையாம். பிறந்த லயத்தைவிட்டு இறம்பொடைத் தேரைப் பார்க்கக்கூடப் போகாத மனுஷருக்கு! அதற்கப்புறம் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமலே கண்ணை மூடிவிட்டீர்கள்.

போன வாரப் பாடத்தில் ஒரு வரி வந்தது. எல்லோருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்க உரிமை உண்டு, நியாயமில்லாமல் அதை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது என்று உலக நாடுகள் கூடிப் பிரகடனம் செய்திருக்கின்றனவாம். எந்த வருஷம் என்று பார்த்தேன். இங்கே நம்மைக் கழித்துப் பிரஜாவுரிமைச் சட்டம் போட்ட அதே வருஷம். அங்கே போட்ட மையும் இங்கே போட்ட மையும் சேர்ந்தே காய்ந்திருக்கும்.

எழுந்து நின்று கேட்டேன். “ஐயா, அப்ப எங்கப்பாவுக்கு நடந்ததுக்கு எங்க போயிக் கேக்குறது?”

அவர் புத்தகத்தை மூடிவைத்தார். “பிள்ளை, இது பிரகடனம். இதை வச்சு வழக்குப் போடேலாது. நாடுகளைக் கட்டுப்படுத்துற மாதிரி ஒரு உடன்படிக்கை எழுதிக்கொண்டிருக்கினம்.”

“இன்னுமா எழுதுறாங்க? அதுக்குள்ள எங்கள எழுதி முடிச்சிட்டாங்களேங்க!”

உண்மைதான் அப்பா, முடித்துவிட்டார்கள். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று நம்மைப் பிரித்துக்கொண்டார்கள். நம்மை ஒருவரும் கேட்கவில்லை. கறிக்கடையில் கூறு போடும்போது ஆட்டையா கேட்கிறார்கள்?

அம்மா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுக்கப் போகிறாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். “சும்மா கத்தாதடி. ஏதாச்சும் ஒரு நாடு இவ நம்மாளுன்னு சொல்லட்டும். உங்கப்பா ஆசப்பட்ட சாமிக்கு நானாச்சும் போயி, பொங்க வச்சிட்டு...” என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். மிச்சச் சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை. அந்தக் கடதாசியில் போகிறவர்களுக்குத் திரும்பி வருவது கிடையாது.

நான் இங்கேயே இருக்க எழுதிக் கொடுக்கப் போகிறேன். பிரஜாவுரிமை கொடுப்பார்களோ, மாட்டார்களோ. கொடுத்தால் அம்மா அந்தக் கரை, நான் இந்தக் கரை. கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவோம். மேட்டில் நீங்கள் படுத்திருக்கிற இடத்தில் கற்பூரம் காட்ட ஒருவரும் இல்லை. இந்த இரண்டில் எது உரிமை என்று எந்தப் பாடத்திலும் இல்லை. இவ்வளவு படித்து எனக்கு என்ன கிடைத்தது, சொல்லுங்கள்? உங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தெரிந்துகொண்டேன்.

என்னையும் கூப்பிடுவார்கள். ஊர் எது என்பார்கள். பழக்கத்தில் துறையூர் என்று வரப் பார்க்கும், நாக்கைக் கடித்துக்கொள்வேன். கல்மலைத் தோட்டம் என்பேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றால், எங்கப்பா இருக்கிறார் என்பேன். போக விருப்பமா என்றால், தமிழை மாற்றிச் சொல்ல ஓர் ஆளை நம்பாமல் நானே இங்கிலீஷில் ‘இல்லை’ என்பேன். நீங்கள் பார்க்காமலே பொத்தி வைத்திருந்த ஊரை, நீங்கள் படுத்திருக்கிற மண்ணுக்காக நான் இல்லையென்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாமிக்குக் கோபம் வந்தால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் சத்தியம் அப்பா. கடைசியில் என்னையும் கப்பலுக்குப் போகிற கோச்சியில் ஏற்றினாலும், படியில் நின்று உங்கள் மேட்டைப் பார்த்து ‘போயிட்டு வாறேன்’ என்றுதான் சொல்வேன். அதை யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் சரி.

உங்கள் மகள்,
செல்லம்மா
ஊர்: கல்மலைத் தோட்டம்