தெரியாத நம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம் எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "விசாரிக்க எத்தனை தடவை போன் பண்ணோம்! எல்லாத்தையும் கட் பண்ணியிருக்கே. மகாராணி எங்ககூடப் பேச மாட்டீங்களோ?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தெரியாத நம்பரை எடுக்காதே என்று நீங்கள் சொல்லி அனுப்பியதை அங்கே எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்னதில் தப்பில்லை அப்பா.

"இப்பவே நேர்ல கேட்டுக்கோங்களேன்" என்றேன். போனில்தான் கேட்பார்களாம். இன்னும் ஒரே தடவைதான் கூப்பிடுவார்களாம். என்றைக்கு என்று தெரியாது. அதையும் விட்டால் பணம் கிடையாது, ஹாஸ்டலிலும் இருக்க முடியாது. குளிக்கும்போதுகூடப் போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். என் அறையில் இருக்கும் அக்கா ஆபீசர் மாதிரி பேசிப் பழக்குகிறாள். "ஏன்டி, என்கிட்டயே வரிக்கு வரி 'சார், சார்'னு சொல்றியே!" என்கிறாள்.

லைன் காலியாக இருக்க வேண்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். அம்மாவிடம் ஹாஸ்டல் விஷயத்தைச் சொல்ல வேண்டாம். அக்கா தபாலில் போடக் கிளம்பி நிற்கிறாள், முடிக்கிறேன். பகலில் கூப்பிடாதீர்கள் அப்பா. ராத்திரி கூப்பிடுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்