போன் போடாத இரண்டு நாள்

ஆவணி 4, புதன்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அவர் போய்ப் பன்னிரண்டு நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு: எள், தர்ப்பை, பச்சரிசி, வேட்டி ஒன்று. வாழைக்காய் இந்த மராட்டி ஊர் கட்கி மார்க்கெட்டில் இல்லை. அவருடைய பிபி மாத்திரை ஒரு அட்டை மிச்சம். யாருக்குக் கொடுப்பது.

மைத்துனர் வந்தார். "நாட்டுக்கே டாக்டரு. பெத்தவனுக்கு இல்லாமப் போனான் பாருங்க அண்ணி." சரவணனைத்தான். தில்லியில் ஜனாதிபதி கூடவே இருக்கும் மிலிட்டரி டாக்டர் என் மகன். கொள்ளி வைத்துவிட்டு மறுநாளே போனான். பதில் வாய் வரைக்கும் வந்தது. சாதம் போட்டேன்.

ஆவணி 5, வியாழன்
தூறல். டிவியில் ஜனாதிபதி ஏதோ காலேஜில் பட்டம் கொடுக்கிறார். மகள் மீனா கூப்பிட்டாள், "அம்மா, பின்னாடி பாரு, அண்ணா!" தொப்பி, கறுப்புப் பை. மீசை இல்லாத முகம். தொப்பிக்குள்ளே மொட்டை.

அவர் இருந்தால் டிவியை மறைத்துக்கொண்டு நிற்பார். "என் பையன்டி" என்பார், என்னமோ நான் பெறாத மாதிரி.

போவதற்கு முன் அவருக்கு நெஞ்சு வலி இரண்டு நாள் இருந்தது. வாயு என்றார். போனை எடுத்தேன். "வைடி. அவன் டூட்டில இருக்கான். அந்தப் போன் அடிச்சா ஜனாதிபதிக்கு என்னமோன்னு அங்க பதறிடுவாங்க." அப்படியா? எனக்கு என்ன தெரியும். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மிலிட்டரி ஆஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிஷம்.

சரவணனுக்குத் தெரியாது. திடீரென்று போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன்.

ஆவணி 7, சனி
மழை விட்டது. சரவணன் போன். "அம்மா, இந்தப் போஸ்ட் வேணாம்னு எழுதிக் குடுக்கப் போறேன். அப்பாவையே பாக்காதவன் யாரைப் பாத்து என்ன?"

"ம்" என்றேன். ஏன் ம் என்றேன்? சொன்னால் அவர் பேர் கெடும். சொல்லாவிட்டால் இவன் கெடுவான். என் மேல் பழி வரும் என்று பயமா? அதுவும்தான்.

வாழைக்காய் கிடைத்தது.

ஆவணி 8, ஞாயிறு
காலை பிளைட்டில் சரவணன் லோஹேகாவ் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினான். சாயங்காலமே திரும்ப வேண்டுமாம். காரியம் முடிந்தது. பந்தியில் மைத்துனர் மறுபடி ஆரம்பித்தார். "நாட்டுக்கே டாக்டரு..." சரவணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். எனக்கு என்ன வந்ததோ. கரண்டியை வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னேன். இரண்டு நாள் வலி. போனை எடுத்தேன். வேண்டாம் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

"எந்தப் பக்கம்மா வலிச்சுது?"

"இடது கை வரைக்கும்."

"வேர்த்துச்சா?"

"சட்டை மாத்தினாரு."

எழுந்து கை கழுவிவிட்டு வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்த்தபடி நாடி பார்த்தான். எதற்கென்று புரியவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருக்கும். விடவில்லை.