காப்பி காயாத வளைவு

நம் பையனின் அம்மாவுக்கு,

முழங்கால் தாங்குகிறது. பையன் கழுதை மாதிரி வளர்ந்திருந்தான். நான் ஓட்ட அவன் சைக்கிளில் சீட்டை இறக்க வேண்டியிருந்தது.

இந்த மலையில் காப்பிப் பழத்தைத் தார்ரோட்டிலேயே பரப்பிக் காயவைக்கிறார்கள். இறக்கத்தில் ஒரு வளைவு மட்டும் காலியாகக் கிடந்தது. பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"போன வருஷம் ஒரு பையன் சைக்கிள்ல வந்து, பழத்துல வழுக்கிப் பள்ளத்துல விழுந்து செத்துப் போயிட்டான். பரப்பினது நான்தான். அதுக்கப்புறம் அங்க பரப்புறதில்ல."

பழத்தைப் பரப்பியவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் வந்திருந்தேன். அவள் தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தேன்.

"உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒருத்தன். சைக்கிள்ல ஊர் சுத்துறான்."

"பாத்துப் போகச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

அவன் சைக்கிளோடு திரும்பி வரும்,
உன் வீட்டுக்காரன்