என் ரத்தத்தை நானே எண்ணியபோது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியைப் பதறாமல் படியுங்கள்.

போன திங்களன்று எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு, ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் புதுச் சாயம் வந்தது. சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க என் விரலையே குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவினேன். உடம்பில் கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளணுவுக்கு நியூட்ரோபில் என்று பெயர். நூறு வெள்ளணுக்களை எண்ணினால் அதில் இது அறுபது போல இருக்கும். எனக்குத் தொண்ணூற்றிரண்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். மாறவில்லை.

தலைமை டெக்னீஷியன் அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

“யாரோட ரத்தம் இது? முதிராத அணுவெல்லாம்கூட கிளம்பி வந்திருக்கே. உடனே டாக்டர்கிட்ட அனுப்பு.”

“என்னோடதுதான்க்கா. ரெண்டு நாளா லேசா வயித்து வலி.”

“அப்ப எந்திரி, நட.”

குடல்வால் அழற்சி. ஒரு நாள் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். நேற்று எண்ணியபோது அறுபத்து நான்குதான்.

இடுப்பில் இறுக்காத பருத்தி நைட்டி இரண்டு அனுப்புங்கள். புதிது வேண்டாம், அம்மா உடுத்தியதே போதும். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் உறவினர் கையெழுத்துக் கேட்டார்கள். அக்காதான் போட்டார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், உறவுமுறை என்ற இடத்தில் ‘தாய்’ என்று எழுதியிருந்தார். நானும் திருத்தச் சொல்லவில்லை. அம்மாவிடம் இதை மட்டும் சொல்லாதீர்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்